ஆற்றுப் பொறிக்காரனும் அவன் சிறு படகும்

வடஅமெரிக்காவின் ஆறுகளிலே உரோமத் தோலுக்காக விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிப்போர் உளர். அவர்கள் தம் தொழிலுக்கு ஏற்ற சிறு படகொன்றை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நமக்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், யமுனையையோ ஹூக்ளியையோ பிரமபுத்திரத்தையோ படகில் கடவாத வெளிமாநிலத் தமிழர் சிலரே. படகின் குணங்களை ஆராய்ந்தறிய வேண்டிய கட்டாயம் அப்பொறிக்காரனுக்கு உண்டு. ஏனெனில் அவனது பிழைப்பும் உயிரும் அதில் அடங்கியுள்ளன. அவன் கற்ற பாடத்தில் நமக்கும் பங்குண்டு.

முதலில் பழைய வரலாற்றைச் சற்றே நோக்குவோம். பீவர் என்பது வடஅமெரிக்காவின் கொறிக்கும் பிராணிகளுள் மிகப் பெரியது. வளர்ந்த பீவர் முப்பது முதல் அறுபது பவுண்டு வரை நிறையுள்ளது. மரங்களைப் பல்லால் வெட்டி வீழ்த்தி ஓடைகளுக்கு அணை கட்டும் ஆற்றல் படைத்தது. அதன் மேல்மயிருக்கு அடியில் அடர்ந்த மென்மயிர் உண்டு. அம்மென்மயிரைக் கொண்டு செய்த தொப்பிகளை ஐரோப்பியச் செல்வர் பல தலைமுறைகள் விரும்பி அணிந்தனர். அத்தொப்பிக்காகவே ஒரு கண்டத்தின் ஆறுகள் அனைத்தும் வணிகப் பாதைகளாயின. 1670-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கினார். அக்கம்பெனி மூன்றரை நூற்றாண்டுகள் வாழ்ந்து, பிற்காலத்தில் பல்பொருள் அங்காடிகளை நடத்தி, 2025-ஆம் ஆண்டில் தன் கடைகளையெல்லாம் மூடியது.

அவ்வணிகத்தைச் சுமந்தது மரப்பட்டைப் படகு. பழங்குடி மக்கள் பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, சீடர் மரத்தால் உட்சட்டம் அமைத்து, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்து, அம்மரத்தின் பிசினால் தையலை அடைத்து அப்படகைச் செய்தனர். வணிகர் அதைப் பெரிதாக்கிக் கொண்டனர். மாண்ட்ரியாலிலிருந்து பேரேரிகளுக்குச் சென்ற படகு ஏறத்தாழ முப்பத்தாறு அடி நீளமுள்ளது. மூன்று டன் அளவுக்குச் சரக்கேற்றியது. அதற்கு அப்பால் வடக்கே ஒடுங்கிய ஆறுகளில் சென்ற படகோ இருபத்தைந்து அடிதான். அருவி குறுக்கிட்ட இடங்களில் ஆட்கள் சரக்கை முதுகில் சுமந்து நடந்தனர். ஒரு மூட்டை தொண்ணூறு பவுண்டு. ஒருவர் ஒரு நடைக்கு இரண்டு மூட்டை எடுப்பது வழக்கம். ஆறு சிறுத்தபோது படகும் சிறுத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஊர்தியைத் தேர்பவன் தன் விருப்பத்தை வினவுமுன் ஆற்றை வினவவேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் இன்பமளிக்கிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கனூ' என்ற சொல் கரீபியத் தீவுகளின் மக்கள் வழங்கியது; கொலம்பஸின் காலத்தில் ஸ்பானிய மொழிவழியே ஐரோப்பாவுக்குச் சென்றது. குடைந்த மரத்தோணிக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'பிரோக்' என்பதும் அப்பகுதி மக்களுடைய சொல்லே. நம் 'கட்டுமரம்' சற்றே உருமாறி ஆங்கில அகராதியில் ஏறியிருப்பதை யாவரும் அறிவர். படகைச் செய்து நீரில் பழகியவர்களிடமிருந்தே உலகம் படகின் பெயரையும் கற்றுக்கொண்டது.

இனி இக்காலத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு மிஸிஸிப்பி ஆற்றின் மேற்பகுதியை எடுத்துக் கொள்வோம். மினசோட்டா, விஸ்கான்ஸின், அயோவா, இல்லினாய் ஆகிய நான்கு மாநிலங்களை ஒட்டி 261 மைல் நீளத்துக்கு அங்கே ஒரு வனவிலங்கு, மீன் புகலிடம் உள்ளது. அது 1924-இல் நிறுவப்பெற்றது. புகலிடம் என்ற பெயர் பூண்டிருந்தும், அனுமதிச் சீட்டுப் பெற்று, குறித்த பருவத்தில் மட்டும், அங்கே பொறி வைக்கலாம். பீவர், மஸ்க்ராட் என்னும் கத்தூரி எலி, மிங்க், ரக்கூன், நீர்நாய் ஆகியவை அங்கு வாழ்கின்றன.

அந்த ஆறு ஒன்றாயினும் அதற்கு முகங்கள் இரண்டு. நடுவே கப்பற்கால், அதன் வழியே ஒரே இழுவைக் கப்பல் பதினைந்து சரக்குத் தெப்பங்கள் வரை ஒன்றாகப் பிணைத்துத் தள்ளிச் செல்லும். அதன் பின்னே எழும் அலை சிறு படகைத் தூக்கி எறியவல்லது. இரு மருங்கிலும் தேங்கிய நீர்க்கால்கள், நாணற்பரப்புகள், சேற்றுத்திட்டுகள், வீழ்ந்த மரங்கள். அங்கே பல இடங்களில் நீர் ஒரு முழமும் இராது. நீரோட்டத்தைக் கப்பற்காலுக்குத் திருப்பும் பொருட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கல்லணைகள் பல நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. அறியாதவன் படகு அவற்றில் மோதும். பொறிக்காரனுக்கு வேலை நீர்க்கால்களிலேதான். ஆனால் ஒரு நீர்க்காலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நடு ஆற்றைக் கடந்தாக வேண்டும். அவன் படகுக்கு அதனால் இரண்டு வகைக் குணங்கள் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. தேர்வின் சிக்கல் முழுதும் இதில்தான் உள்ளது.

அவன் முன் இருக்கும் படகுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது கனூ. இரு முனையும் கூர்மையாக, குறுகி, நீண்டிருப்பது. நான்கைந்து அங்குல நீரிலும் மிதக்கும். ஒற்றைத் துடுப்பால் ஓசையின்றிச் செல்லும். ஒரே ஆள் கவிழ்த்துத் தோளில் தூக்கிச் செல்லலாம். முன்னாளில் மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணி போர்த்தி வர்ணம் தீட்டிக் கனூக்கள் செய்தனர். 1944-இல் கிரம்மன் விமானத் தொழிற்சாலையின் அதிகாரியான வில்லியம் ஹாஃப்மன், விடுமுறையின்போது பளுவான கித்தான் கனூவைச் சுமந்து களைத்தார். விமானம் செய்யும் அலுமினியத் தகட்டில் இதையும் செய்தாலென்ன என்று எண்ணினார். போர் முடிந்ததும் அலுமினியக் கனூக்கள் பெருகின. பதினேழு அடிக் கனூ எழுபத்தைந்து பவுண்டுதான். பிற்காலத்தில் கண்ணாடியிழையும் பிளாஸ்டிக்கும் வந்தன.

இரண்டாவது ஜான் படகு. தட்டையான அடி, நேரான பக்கம், முன்னும் பின்னும் மழுங்கிய முகம். பார்ப்பதற்கு மாவு பிசையும் மரவை போலிருக்கும். இது பெரும்பாலும் அலுமினியத்தில் பத்து முதல் பதினாறு அடி நீளத்தில் கிடைக்கும். ஆள் எழுந்து நின்று வேலை செய்யலாம். முன்முகத்தைக் கரையில் ஏற்றி நிறுத்தி இறங்கலாம். பின்புறத்தில் சிறு இயந்திரம் மாட்டலாம்.

மூன்றாவது பிரோக். தெற்கே லூயிஸியானாவின் சதுப்பு நிலங்களில், முன்பு சைப்ரஸ் மரத்தைக் குடைந்தும் பின்னர் பலகையாலும் செய்த ஒடுங்கிய தோணி. நாணல்களுக்கிடையே கழியூன்றிச் செலுத்துவதற்கு இதனினும் ஏற்றது இல்லை. ஆனால் மிஸிஸிப்பியின் நடுநீரில் அலை வந்தால் அது ஈடு கொடாது.

இவற்றுள் எதைக் கொள்வது? இங்கே நிலைப்பு என்பதைப் பற்றி ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். தட்டையடிப் படகில் கால் வைத்ததும் அது அசையாமல் நிற்கும். புதியவன் அதை நம்பிவிடுவான். ஆனால் ஓரளவுக்குமேல் சாய்ந்தால் அது முன்னறிவிப்பின்றிக் கவிழும். வளைந்த அடியுடைய கனூவோ கால் வைத்ததும் ஆடும், புதியவன் அஞ்சுவான். ஆயினும் சாயச்சாய அது எதிர்த்து நிற்கும். அலை வந்தால் அலையோடு இசையும். தேங்கிய நீரில் முன்னது சிறந்தது. அலைநீரில் பின்னது சிறந்தது. ஏறியவுடன் பெறும் உறுதி வேறு, இடர் வந்தபோது நிற்கும் உறுதி வேறு. வாங்குபவன் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

பொறிக்காரனின் வேலையே படகைச் சாய்க்கும் வேலை. ஐம்பது பவுண்டு பீவரொன்று நனைந்து, பொறியும் சங்கிலியுமாக நீருக்குள் கிடக்கிறது. அதை அவன் பக்க விளிம்புக்கு மேலாகத் தூக்கினால், அவன் உடலும் விலங்கும் ஒரே பக்கம் சேரும். பக்க விளிம்பு நீரைத் தொட்டுவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அனுபவமுள்ளோர் முன்முகத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, கரையில் நின்றோ, முன்முகத்தில் மண்டியிட்டோ இழுப்பர். கரையில் ஏற்றுவதற்கு வாகான மழுங்கிய முன்முகம் ஜான் படகுக்கு உண்டு. இவ்வொரு காரணத்தாலேயே பலர் அதை விரும்புகின்றனர்.

அடுத்தது பாரக் கணக்கு. குளிர்கால உடையோடும் ரப்பர்க் காலணியோடும் ஆளின் நிறை 180 பவுண்டு என்று கொள்வோம். பீவருக்குரிய பெரிய பொறி ஒன்று ஏறத்தாழ மூன்று பவுண்டு. இரண்டு டஜனுக்கு 72 பவுண்டு. கோடரி, முளைக்கழிகள், கம்பி, உணவு ஆகியவற்றுக்கு 50 பவுண்டு. மொத்தம் 302. பொறி வைக்கும் நாளில் அவன் பாரத்தோடு சென்று இலேசாகத் திரும்புவான். பொறி பார்க்கும் நாளில் இலேசாகச் சென்று பாரத்தோடு திரும்புவான். பருவத்தின் இறுதி நாளிலோ பொறிகளையும் எடுக்க வேண்டும், அகப்பட்ட விலங்குகளையும் ஏற்ற வேண்டும். இரண்டு பெரிய பீவர்கள் கிடைத்தால் பாரம் 402 பவுண்டு. ஆறு உறையத் தொடங்கும் தறுவாயில், பகல் குறுகி, கை விறைத்து, நீர் மிகக் குளிர்ந்திருக்கும் நாள் அதுதான். பாரம் மிகுந்த நாளும் ஆபத்து மிகுந்த நாளும் ஒன்றாகவே வருகின்றன. ஆதலால் சாதாரண நாளின் பாரத்தைக் கருதிப் படகு வாங்குதல் கூடாது. இறுதி நாளின் பாரத்தைக் கருதியே வாங்குதல் வேண்டும்.

இருபது அடிக்குக் குறைந்த படகுகளில் அவை எவ்வளவு பாரம் தாங்கும் என்று குறித்த தகடு பதித்திருக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி அமெரிக்காவில் ஏற்பட்ட விதி. ஜான் படகில் அத்தகடு இருக்கும். கனூவுக்கு அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. கனூ விற்போர் கூறும் அளவு, பக்க விளிம்பு நீருக்குமேல் ஆறங்குலம் மட்டுமே எஞ்சி நிற்கும் நிலையில் கணக்கிட்டதாகப் பெரும்பாலும் இருக்கும். ஆறங்குல விளிம்போடு இழுவைக் கப்பலின் அலையைக் கடப்பது அறிவுடைமை ஆகாது. அவ்வளவில் பாதியையே தன் அளவாகக் கொள்பவன் பிழைத்திருப்பான்.

பாரம் தாங்கும் படகு தானும் பாரமாகவே இருக்கும் என்பது மற்றொரு சங்கடம். 1883-இல் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்ற எழுத்தாளர், அடிராண்டாக் மலைப்பகுதியின் ஏரிகளில் 266 மைல் பயணம் செய்தார். கான்டன் நகரத்து ரஷ்டன் என்னும் படகுத் தச்சர் அவருக்குச் செய்து கொடுத்த படகின் நீளம் ஒன்பது அடி; நிறை பத்தரைப் பவுண்டு! அறுபது வயதைக் கடந்த, நோயால் மெலிந்த, சிற்றுடல் கொண்ட அவருக்கு அது போதுமானதாயிற்று. அவர் ஏற்றிச் சென்ற பொருளும் மிகக் குறைவு. அப்படகின் புகழைக் கேட்டுப் பொறிக்காரன் அதுபோன்ற ஒன்றை வாங்கினால் முதல் பீவரோடு மூழ்கிப் போவான். அதற்கு மாறாகப் பதினாறு அடி ஜான் படகை வாங்கினால், சேற்றுத்திட்டில் அது சிக்கும்போது தனியொருவனால் இழுக்க இயலாது. தனியாகத் தொழில் செய்பவன் தன்னால் ஒரு சேற்றுத்திட்டுக்கு மேலே இழுத்துச் செல்லக்கூடிய படகுகளுள் பெரியதைக் கொள்வது தக்கது. மிஸிஸிப்பி போன்ற ஆற்றில் அது பெரும்பாலும் பன்னிரண்டு அல்லது பதினான்கடி ஜான் படகாகவே முடிகிறது. குறுகிய, அணை மலிந்த சிற்றோடைகளில் கனூவே வெல்கிறது.

எதனால் செய்த படகு என்பதும் நோக்கத்தக்கது. இலையுதிர் காலத்தின் முடிவில் விடியற்காலை நீரின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டி படரும். அதை உடைத்துக்கொண்டு செல்லும்போது கட்டியின் விளிம்பு கத்தி போல் கித்தானையும் மரத்தையும் அறுக்கும். அலுமினியம் அதைத் தாங்கும். ஆனால் அலுமினியத்துக்கும் குறை உண்டு: பாறையில் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், தொட்டால் கை விறைக்கும், துடுப்பு பட்டால் ஒலிக்கும். இரவில் உலவும் விலங்குகளைப் பகலில் பொறி வைத்துப் பிடிப்பவனுக்கு ஒலி பெரிய குற்றமன்று. வாத்து வேட்டைக்காரனுக்கு அது குற்றம்.

பழைய படகு வாங்குவோர் ஓர் எளிய சோதனை செய்வர். படகைக் கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்து அதனுள் நீரை ஊற்றுவர். வெளியே எங்கெங்கு சொட்டுகிறதோ அங்கெல்லாம் தறையாணி தளர்ந்துள்ளது என்று அறியலாம். இருக்கையின் அடியில் மிதப்புக்காக அடைத்துள்ள நுரைப்பொருள் நீரை உறிஞ்சியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மிதக்க வைக்க வேண்டிய அது நீரை உறிஞ்சினால் வெறும் சுமையாகிவிடும்.

இவ்வளவு ஆராய்ச்சியும் எதற்காக? குளிர்நீருக்காக. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதனை ஒன்று, பத்து, ஒன்று என்ற மூன்று எண்களால் விளக்கினார். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவன் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறுவான். அதை அடக்கியாள வேண்டும். அடுத்த பத்து நிமிடமே கையும் காலும் அவன் சொற்படி கேட்கும். அதன் பின் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குளிரால் உயிர் போகுமுன்பே கை செயலிழப்பதால் பலர் மூழ்குகின்றனர். மிதப்புச் சட்டை அணிந்தவனுக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரம் கிடைக்கும். சட்டை இருக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. விறைத்த கை அதன் வாரை மாட்டாது. நல்ல படகைத் தேர்ந்தவனும் இதை அணியாவிடின் தன் தேர்வைப் பாதியில் நிறுத்தியவனே ஆவான்.

படகின் தகுதி மனிதனை மட்டும் பொறுத்ததன்று. பொறிகளைக் குறித்த கால இடைவெளியில் சென்று பார்த்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். கால அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். காற்றடித்தால் செல்ல இயலாத படகை வைத்திருப்பவன் அச்சட்டத்தை மீறுவான். பொறியில் அகப்பட்ட உயிர் வேண்டாத துன்பம் அடையும். துன்பத்தைக் குறைக்கும் பொறிகளைப் பற்றி 1997-இல் கனடா, ரஷ்யா, ஐரோப்பியச் சமுதாயம் ஆகியவற்றிடையே உடன்படிக்கையும் ஏற்பட்டது. ஆயினும் எத்துணைச் சட்டம் இருப்பினும் மனச்சான்றின் கேள்வி ஓய்வதில்லை. 1888-இல் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் பொறிக்காரனாக வாழ்ந்த ஆர்ச்சி பெலனி என்பார், தாயிழந்த பீவர்க் குட்டிகள் இரண்டைத் தம் துணைவி அனஹாரியோவின் வேண்டுகோளால் வளர்த்தார். பின் அத்தொழிலையே துறந்தார். 'கிரே அவுல்' என்ற பெயரில் பீவர்களைக் காக்குமாறு எழுதியும் பேசியும் 1938-இல் மறைந்தார். அவர் பூண்ட பழங்குடி வேடம் பொய்யென்று பின்னர் தெரிந்தது; அவர் பீவருக்காகப் பேசியதோ பொய்யாகவில்லை. அளவின்றி வேட்டையாடப்பட்டு அருகிவிட்ட பீவர், காப்பு முயற்சிகளால் மீண்டும் பெருகியது. 1975-இல் கனடா அதனைத் தன் தேசியச் சின்னமாகச் சட்டத்தால் ஏற்றது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் வேட்டை என்றே கருதுகிறது. சங்கப் புலவர் பாடிய நீர்நாய் இன்றும் காவிரியில் உண்டு. அதைப் பிடிப்பது குற்றம். ஆகவே பொறித்தொழிலில் நாம் பின்பற்றத் தக்கது ஏதுமில்லை. ஆனால் படகைப் பார்க்கும் முறையில் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகொன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். விலங்குகளைக் காணப் பலர் ஒரே பக்கமாகச் சென்றபோது படகு சாய்ந்தது என்பர். மேலே கண்ட நிலைப்பின் பாடமும் பாரத்தின் பாடமும் மிதப்புச் சட்டையின் பாடமும் அந்த ஒரு மாலையில் அடங்கியுள்ளன.

நேயர்களே, அடுத்த முறை குடும்பத்தோடு படித்துறையில் நிற்கும்போது சில விநாடிகள் தாமதியுங்கள். பக்க விளிம்பு நீருக்குமேல் எவ்வளவு உள்ளது? எத்தனை பேருக்கென்று எழுதியிருக்கிறது, எத்தனை பேர் ஏறியிருக்கின்றனர்? மிதப்புச் சட்டை ஆளுக்கொன்று உள்ளதா, குழந்தைக்கும் பொருந்துமா? விடை நிறைவளித்தால் ஏறுங்கள். ஏறியபின் அமர்ந்தே இருங்கள். நிறைவளிக்காவிடில் அடுத்த படகுக்குக் காத்திருப்பதில் இழிவொன்றும் இல்லை. மொழி தெரியாத ஊராயிற்றே, எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். விளிம்பைக் காண்பதற்கும் தலைகளை எண்ணுவதற்கும் எந்த மொழியும் தேவையில்லை.